உங்களுக்குத் தெரியுமா? உதவி வந்து சேரும்வரை...

தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் சாலை நெரிசலைத் தாண்டித்தான் வந்தாக வேண்டும். ஆம்புலன்ஸும் அப்படித்தான். நடுவில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் பக்கத்தில் இருப்பவர்கள் நீங்களும் எதிர்வீட்டுக்காரரும் தெருமுனையில் இஸ்திரி போடுபவரும்தான். பல உயிர்கள் பிழைப்பதும் போவதும் அந்த நிமிடங்களில்தான் முடிவாகிறது. அதற்காகத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள் இங்கே. சென்னைவாசிகளை நினைத்து எழுதியது என்றாலும், மதுரைக்கும் கோவைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

● காவல் துறைக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108 என்று தனித்தனியாக நினைவில் வராவிட்டால் 112 போதும். மூன்றுக்கும் பொதுவான எண் அது. கைபேசி பூட்டியிருந்தாலும் திரையில் இருக்கும் 'அவசர அழைப்பு' மூலம் இந்த எண்ணைக் கூப்பிடலாம். கடவுச்சொல் தேவையில்லை. மயங்கிக் கிடப்பவரின் கைபேசியிலிருந்தும் கூப்பிடலாம்.

● இந்தியாவில் விற்கும் கைபேசிகளில் அவசர பொத்தான் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-இல் ஆணையிட்டது. பட்டன் போன் என்றால் 5 அல்லது 9-ஐ விடாமல் அழுத்த வேண்டும். ஸ்மார்ட்போன் என்றால் பவர் பொத்தானை மடமடவென்று 3 முறை தட்ட வேண்டும், சில மாடல்களில் 5 முறை. உங்கள் போனில் எத்தனை முறை என்பதை அமைப்புகளுக்குள் போய் இப்போதே பார்த்துவிடுங்கள். அங்கேயே ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்து, வீட்டாரின் எண் ஆகியவற்றையும் பதிந்து வைக்கலாம். பூட்டிய திரையிலும் மருத்துவர் அவற்றைப் படிக்க முடியும்.

● தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. கூப்பிட்டவர்கள் பதற்றத்தில் தடுமாறுவது நோயைச் சொல்லும்போது அல்ல, முகவரியைச் சொல்லும்போதுதான். காந்தி தெருவும் பாரதி தெருவும் இல்லாத பேட்டை ஏது? ஒவ்வொரு நகரிலும் ஒரு முதல் மெயின் ரோடு, ஓர் இரண்டாவது குறுக்குத் தெரு. போதாததற்குப் பழைய எண், புதிய எண் வேறு. ஆகவே ஒரு தாளில் பேட்டை, தெரு, இரண்டு கதவு எண்கள், மாடி, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி, அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவோ, ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியம்மாவோ, பத்து வயதுப் பிள்ளையோ அதைப் பார்த்து அப்படியே வாசித்தால் போதும். பேசும்போது முதலில் இடம், பிறகு என்ன நடந்தது, பிறகு எத்தனை பேர். நடுவில் இணைப்பு அறுந்தாலும் இடமாவது போய்ச் சேர்ந்திருக்கும். ஆம்புலன்ஸ் வரும்போது ஒருவர் தெருமுனைக்குப் போய் நின்று கையசைக்க வேண்டும். இரவு என்றால் டார்ச்சோடு.

● சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் சொல்லும்படியான மணமே கிடையாது. நாம் முகரும் அந்தக் கெட்ட வாடை, கசிவைக் காட்டிக்கொடுப்பதற்காகவே சேர்க்கப்படும் ஈதைல் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளுடையது. எரிவாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாது. தரையோடு படிந்து, கதவிடுக்கு வழியே அடுத்த அறைக்கும் போகும்.

வாடை வந்தால் பலரும் முதலில் செய்வது விளக்கைப் போடுவது, அல்லது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவது. இரண்டுமே ஆபத்து. சுவிட்ச் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே சிறு பொறி பறக்கும், அது போதும் தீப்பிடிக்க. ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்க வேண்டாம், அழைப்பு மணியையும் யாரும் அடிக்க வேண்டாம். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகு கைபேசியை எடுங்கள். எரிவாயுக் கசிவுக்கு 24 மணி நேர எண் 1906. கட்டடத்தின் மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே தள்ளி இருந்தால் அதை அணைக்கலாம்.

● சிலிண்டருக்கும் காலக்கெடு உண்டு. கைப்பிடி வளையத்தைத் தாங்கி நிற்கும் பட்டைகளின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு எண்களும் பெயின்டில் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை, சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எண்கள் ஆண்டைக் குறிப்பவை. 'பி 28' என்றிருந்தால் 2028 ஜூன் மாதத்துக்குள் அந்த உருளையை மறுபரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். கெடு தாண்டிய சிலிண்டரை வாசலிலேயே திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மூடியைக் கழற்றி, வால்வில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று கொண்டு வந்தவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம் இருக்கும்தான். ஆனாலும் கேட்டால் செய்து காட்டுவார். கேட்பதுதான் நமக்குப் பழக்கமில்லை.

ரப்பர் குழாய்க்கும் ஆயுள் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குழாயாக வாங்கி, அதில் அச்சிட்ட கெடு முடிந்ததும், வெடிப்பு தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

● வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் எண்ணெயின் அடியில் இறங்கும் நீர் நொடியில் ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். அந்த வேகத்தில் எரியும் எண்ணெய் கூரைவரை தெறிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, பெரிய தட்டால் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். காற்று இல்லாமல் தீ தானாக அடங்கும். சூடு ஆறும்வரை திறந்து பார்க்க வேண்டாம். வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவும் வேண்டாம்.

● தீக்காயத்தில் பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கட்டியும் கூடாது. வளையல், மோதிரத்தை வீங்குமுன் கழற்றிவிடுங்கள்.

● தீ விபத்துகளில் பலரைக் கொல்வது தீயைவிடப் புகை. 1997 ஜூன் 13-இல் டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். வெளியேறும் வழி அடைபட்டு, புகையில் மூச்சுத் திணறிப் போன உயிர்கள் அவை. புகை முதலில் மேலே தேங்கும், தரையை ஒட்டி ஓரளவு காற்று இருக்கும். எனவே நிமிர்ந்து ஓடாமல் தவழ்ந்து வெளியேற வேண்டும். மூடிய கதவைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த வழி வேண்டாம். அறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு ஜன்னலுக்கு வந்து துணியை ஆட்டுங்கள்.

இங்கே நகரத்து வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். திருடனுக்குப் பயந்து பால்கனி முழுக்கக் கம்பி போட்டு, வாசலில் இரும்பு கேட் வைத்துப் பூட்டி, சாவியைப் படுக்கையறை அலமாரியில் வைக்கிறோம். நள்ளிரவில் புகை சூழ்ந்த இருட்டில் அந்தச் சாவி கிடைக்காது. ஒரு ஜன்னல் கம்பியாவது திறக்கும்படி இருக்கட்டும். சாவி, பூட்டுக்குக் கையெட்டும் தூரத்தில், வெளியிலிருந்து எட்டாத இடத்தில், எப்போதும் ஒரே ஆணியில் தொங்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துத் திறந்து பாருங்கள், பிள்ளைகளையும் செய்யச் சொல்லுங்கள்.

● 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த மின்சார இருசக்கர வாகனம் இரவில் தீப்பிடித்து, புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். இரவு முழுக்கச் சார்ஜில் விடுவதும், படிக்கட்டின் கீழோ வாசல் கதவை ஒட்டியோ வண்டியைச் சார்ஜ் போடுவதும் ஆபத்து. தீப்பிடித்தால் தப்பிக்கும் ஒரே வழியையே அது மறித்துவிடும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள்.

● லிஃப்ட் பாதியில் நின்றால் மூச்சு முட்டிவிடும் என்று பயப்பட வேண்டாம். அது காற்றுப் புகாத பெட்டி அல்ல, காற்றுக்கு வழி உண்டு. கயிறு அறுந்தாலும் கீழே விழாமல் தடுத்துப் பிடிக்கும் தடையை எலிஷா ஓடிஸ் 1854-இலேயே நியூயார்க்கில் மக்கள் முன்னிலையில் செய்து காட்டினார். விபத்துகள் பல நேர்வது, உள்ளே இருப்பவர் கதவை நெம்பித் திறந்து, இரண்டு மாடிகளுக்கு நடுவே குதிக்கப் பார்க்கும்போதுதான். மணியை அடித்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். தீ விபத்தின்போது மட்டும் லிஃப்ட் பக்கமே போகக் கூடாது.

● வீட்டு மெயின் போர்டில் வரிசையாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகள் வயரைக் காப்பாற்றுபவை, உங்களை அல்ல. 6 ஆம்பியர், 10 ஆம்பியர் தாண்டினால்தான் அவை விழும். மனித உயிரைப் பறிக்க அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிக்கும் குறைவான நேரத்தில் கரன்ட்டைத் துண்டித்துவிடும். அதன் முகத்தில் சிறிதாக ஒரு 'டெஸ்ட்' பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். 'டப்' என்று விழுந்தால் வேலை செய்கிறது என்று பொருள். விழவில்லை என்றால் அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குளியலறையில் கீசரும் சம்ப்பில் மோட்டாரும் இருக்கும் வீட்டில் இதைவிட மலிவான உயிர்க்காவல் கிடையாது.

● மழைநேரத்தில் அறுந்து கிடக்கும் கம்பியைத் தொட்டால்தான் ஷாக் அடிக்கும் என்பதில்லை. ஈரத்தரையில் சுற்றிலும் மின்னழுத்தம் பரவி இருக்கும். இரண்டு கால்களையும் அகட்டி வைத்தால் ஒரு கால் வழியே ஏறி மறு கால் வழியே இறங்கும். மாடுகள் அப்படி விழுந்து இறப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். அருகே போய்விட்டால் பாதங்களை ஒட்டி வைத்துச் சிறு அடிகளாகத் தேய்த்தபடி பின்வாங்குங்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

● 'ரெட் அலர்ட்' என்றால் பல மழை எச்சரிக்கைகளில் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டலாம் என்று பொருள். 20 செ.மீ. எவ்வளவு? ஒரு கிரவுண்டு மனையில் மட்டும் அது சுமார் 44,600 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட நான்கு வந்து உங்கள் வாசலில் கவிழ்த்த மாதிரி. தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும் இதே கணக்கு. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49 செ.மீ. எச்சரிக்கை வந்த அன்றே வாசலில் இருக்கும் மழைநீர் வடிகால் வாயில் கிடக்கும் பிளாஸ்டிக் பையை எடுத்துப் போடுவது பெரிய காரியம். சென்னை மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டிய எண் 1913.

● 'துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்று செய்தி வரும். அந்த எண்ணுக்கு என்ன பொருள்? 1, 2 என்றால் புயலோ தாழ்வு மண்டலமோ தொலைவில் இருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. 3, 4 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்றை எதிர்பார்க்கலாம். 5, 6, 7 என்றால் புயல் நெருங்குகிறது. அது துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும், அல்லது நேராகவே மோதுமா என்பதற்கு ஏற்ப எண் மாறும். 8, 9, 10 அதே மூன்று நிலைகளைத் தீவிரப் புயலுக்குச் சொல்பவை. 11 என்றால் வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது. கூண்டு கப்பல்களுக்காக ஏற்படுத்தியது. கரையில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்களையும் கரையைக் கடக்கும் நேரத்தையும்தான்.

● 2016 டிசம்பர் 12 பிற்பகல். வர்தா புயல் சென்னையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று காற்று அடங்கியது. பலர் மரம் விழுந்ததைப் பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். அடங்கியது புயல் அல்ல, அதன் கண் நம் தலைக்கு மேல் வந்திருந்தது. கண் நகர்ந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து மறுபடி வீசும். முதல் சுற்றில் ஒரு பக்கம் சாய்ந்து நின்ற மரமும் விளம்பரப் பலகையும் அப்போதுதான் விழும். 'புயல் கடந்துவிட்டது' என்று அறிவிக்கும்வரை உள்ளேயே இருங்கள்.

● வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே ஆளை நிலைகுலைய வைக்கும். 60 செ.மீ. இருந்தால் கார் மிதந்துவிடும். மழைக்காலத்தில் ரயில்வே சுரங்கப்பாதையில் நீர் நின்றால், முன்னால் ஒரு பேருந்து போனதே என்று நம்பி இறங்காதீர்கள். பேருந்தின் உயரம் வேறு, உங்கள் காரின் உயரம் வேறு. மாட்டிக்கொண்டால் சீட் பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை உடனே இறக்கி, அது வழியாக வெளியேறுங்கள். இறங்கவில்லையென்றால் இருக்கையின் தலைச்சாய்மானத்தைப் பிடுங்கி, அதன் இரும்புக் கம்பியால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன்கண்ணாடி உடையாது, அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம். நடந்து போகிறவர்கள் கையில் ஒரு கழி வைத்துக்கொண்டு தரையைத் தட்டிப் பார்த்து நடக்க வேண்டும். மூடி திறந்த பாதாளச் சாக்கடை கண்ணுக்குத் தெரியாது.

● வெள்ளத்தில் நின்ற வண்டியை நீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் நீர் போயிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே எஞ்சின் போய்விடும். இழுவை வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

● வெள்ளநீரில் நடந்த ஓரிரு வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் 'தண்ணீரில் நடந்தேன்' என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

● மழைக்குப் பின் பாம்பு வீட்டுக்குள் வருவது வேளச்சேரி, முடிச்சூர் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும். அதைத் தயாரிக்கத் தேவையான நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் போகும் வழியில், வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978-இல் தொடங்கிய சங்கம் அது. நாட்டில் பாம்புக் கடியில் பிழைத்த எத்தனையோ பேர் முகம் தெரியாத அந்த இருளர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

கடித்த இடத்தைக் கீறவோ, உறிஞ்சவோ, கயிற்றால் இறுக்கவோ கூடாது. கொலுசு, மோதிரத்தைக் கழற்றி, கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி அவ்வளவாகத் தெரியாது, பல்தடமும் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை என்று தொடங்கினால் அஜீரணம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள்.

● சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கினால் கோர்ட், போலீஸ் என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னும் போகவில்லை. போக வேண்டும். உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-இல் சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு வந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நல்லெண்ணத்தோடு உதவியதற்காக அவர்மீது வழக்கும் போட முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரம்புக்கு உட்பட்டு இலவசம். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி. 'முதலில் பணம் கட்டுங்கள்' என்று யாராவது சொன்னால், இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

● ஒருவர் சரிந்து விழுந்து, கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் முகத்தில் தண்ணீர் தெளித்து நேரத்தைக் கடத்தக் கூடாது. ரத்த ஓட்டம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பழுதாகத் தொடங்கும். ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் விழுந்தவரின் நெஞ்சுக்கு நடுவே ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்து, முழங்கை மடங்காமல் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. ஒவ்வோர் அழுத்தலுக்குப் பிறகும் நெஞ்சு பழையபடி எழும்ப விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள், கை தளர்ந்தால் அழுத்தமும் தளர்ந்துவிடும். பயிற்சி இல்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை. அழுத்துவது மட்டுமே உயிரைப் பிடித்து வைக்கும்.

● வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தானாகத் தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. மூன்றில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். 'கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்' என்ற வார்த்தையால் கை கால் இழந்தவர்கள் ஏராளம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அவர் கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் கடிகாரம் பார்த்துச் சொல்லுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் போயிருந்தால் புரையேறிவிடும்.

● 2005 டிசம்பர் 18 அதிகாலை, சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரணம் வாங்க வந்த கூட்டம் நெரிந்து 42 பேர் இறந்தார்கள். வெள்ளத்தில் தப்பியவர்கள் அவர்கள். நெரிசலில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை, நின்றபடியே நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்று இறக்கிறார்கள். தோளோடு தோள் நாலாபக்கமும் உரசத் தொடங்கினாலே கிளம்பிவிட வேண்டும். அதற்கு மேல் உங்கள் கால் உங்கள் சொல்லைக் கேட்காது. சிக்கிக்கொண்டால் இரு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். கூட்டத்தின் ஓட்டத்தை எதிர்க்காமல், அதோடு நகர்ந்தபடி குறுக்காக ஓரத்துக்கு வாருங்கள். சுவர், தடுப்பு வேலி பக்கம் மட்டும் வேண்டாம். கீழே விழுந்த செருப்பையோ போனையோ குனிந்து எடுக்காதீர்கள். சிறுபிள்ளையைத் தோள்மேல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

● 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் நடுங்கியது நம் நேரப்படி 6.29-க்கு. மெரினாவை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை. இன்று ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனாலும் கடல் திடீரென்று உள்வாங்கி மணல் தெரிந்தால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்கோ மாடிக்கோ ஓடுங்கள். முதல் அலையோடு முடிந்துவிடாது, அடுத்தது அதைவிடப் பெரிதாகவும் வரலாம்.

● 2002-இல் வெளியான நிலநடுக்க வரைபடம் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 25-இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. நடுங்கும்போது படிக்கட்டில் இறங்கி ஓடாமல் உறுதியான மேசைக்கடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். நின்ற பிறகு வெளியேறலாம்.

● 'டிஜிட்டல் கைது' என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. காவலரோ நீதிபதியோ வீடியோ அழைப்பில் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். பணம் பெற பின் நம்பர் போடத் தேவையே இல்லை, கேட்டால் அது மோசடி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். பணம் கணக்குக்குக் கணக்கு கைமாறுவதற்குள் சொன்னால்தான் வங்கியில் அதை நிறுத்திப் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. ஓய்வூதியத்தில் தனியாக வாழும் பெற்றோருக்கு இந்த எண்ணை எழுதிக் கொடுத்து, 'ஏமாந்துவிட்டால் திட்ட மாட்டேன்' என்றும் சொல்லி வையுங்கள்.

● 'இது எங்கள் எல்லை இல்லை, அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள்' என்று புகாரை மறுக்க முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அவர்கள் அதை உரிய நிலையத்துக்கு மாற்றி அனுப்புவார்கள்.

● பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567, ரயில் பயணத்தில் 139, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. மனம் உடைந்து போகும் இரவில் பேச 14416.

● 2015 வெள்ளத்தில் பலர் கற்றது இது. கரன்ட் இல்லை, போன் சார்ஜ் இல்லை, டவர் இல்லை, ஏ.டி.எம். இல்லை. மகன் பக்கத்துப் பேட்டையில்தான் இருந்தான், ஆனால் அவன் எண் அம்மாவுக்கு மனப்பாடமாக இல்லை. ஆகவே ஒரு பை. அதில் கையால் எழுதிய எண்கள், பத்து ரூபாய் முதல் நூறு ரூபாய் வரையிலான சில்லறை நோட்டுகள், ஒரு வாரத்துக்கு மாத்திரைகளும் மருந்துச் சீட்டும், டார்ச், முழுக்கச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், ஒரு விசில், பழைய மூக்குக்கண்ணாடி, பிளாஸ்டிக் உறையில் ஆதார், பத்திரம், இன்ஷூரன்ஸ் நகல்கள். விசில் எதற்கு என்று கேட்பார்கள். கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை போய்விடும், விசில் மணிக்கணக்கில் ஒலிக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், செப்டம்பரில் இந்தப் பையைத் திறந்து பாருங்கள். மாத்திரையின் காலாவதித் தேதி, டார்ச்சின் பேட்டரி.

● 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை நகருக்குள் கொண்டுவந்து தெருத்தெருவாக ஆட்களை மீட்டார்கள். படகு வாசல்வரை வந்துவிடும். எந்த மாடியில் யார் எழுந்து வர முடியாமல் படுத்திருக்கிறார் என்பது படகில் வருபவருக்குத் தெரியாது, அது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். உங்கள் அடுக்ககத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர், ஆக்ஸிஜன் கருவியோடு இருப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், நிறைமாத கர்ப்பிணி, தனியாக வாழும் முதியவர், காது கேளாதவர். பெயர், வீட்டு எண், மாடி, அவரைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிய இரண்டு பேர் யார் என்பது. ஒரு பிரதி வாட்ச்மேன் அறையில், இன்னொன்று சங்கச் செயலாளர் வீட்டில். வீடு மாறிப் போனவர் பெயரை அடித்துவிட்டுப் புதிதாக வந்தவரிடம் கேட்டு எழுதுங்கள்.